உத்தரம் கொட்டுன துண்ணூறு

காலையில குளிச்சுட்டுச் சேலைய ஒதறுனேன் பாருங்க, அதுல பொகை வாசனையே இல்ல. எதுத்த வீட்டுக்காரி சேலைய எடுத்துட்டோமோன்னு சந்தேகம் வந்துருச்சு. இடுப்பச் சுத்திப் பாத்தேன். சேலை சுத்தி முடியல. அப்ப என் இடுப்புதான், என் சேலைதான். இவ்வளவு பெரிய இடுப்பு எங்க செடெனாக் ஊருல வேற யாருக்கு இருக்கு?

பொகை போனதுக்குக் காரணம் எம் மகன். அடுப்படியப் புதுசு பண்றான். பொண்டாட்டி முழுகாம இருக்கா, பொகை ஆகாதுன்னு வெளிய ஒரு சாய்ப்பு எறக்கி அடுப்ப அங்க கொண்டுபோயிட்டான். அத்தாப்பு ஓலையப் பிரிச்சுத் தகரம் போட்டாச்சு. தரைக்கு சிமிட்டி. நடு உத்தரத்த மட்டும் தொடக் கூடாதுன்னு தச்சருகிட்டச் சொல்லிட்டான். "பழைய வீட்டுக் களை போயிரக் கூடாதும்மா"ங்கிறான். கன்னங்கரேல்னு மின்னுதுல்ல, அண்ணாந்து பாத்துப் பாத்துப் பூரிச்சுப் போறான். நேத்து அதுல கயித்தப் போட்டுத் தொங்கிப் பாத்தான். தொட்டில் கட்டுறதுக்கு.

அந்தக் கயிறு ஆடுனதப் பாத்ததுல இருந்து எனக்குச் சோறு எறங்கல.

இதே எடத்துல முன்னாடி வேற உத்தரம் இருந்துச்சு. எங்க மாமனாரு காட்ட வெட்டி வீடு கட்டுனப்ப ஏத்துனது. பட்டைய உரிச்ச உருண்டைக் கட்டைங்கதான், தூணும் உத்தரமும். நான் வாக்கப்பட்டு வர்றதுக்குள்ள அவரு போய்ச் சேந்துட்டாரு. கூரையில பொகை போக வழி வைக்காமப் போயிட்டாரு, அதான் எனக்கு அவரு வச்சுட்டுப் போன சீரு. அழுதுக்கிட்டேதான் சமைப்பேன். தோட்டத்து லயத்துப் பொம்பளைங்க மாமியா கொடுமைன்னு நெனச்சுக்கிட்டு எரக்கப்பட்டு முறுக்கு, அதிரசம்னு கொண்டாந்து குடுப்பாங்க. பொகைதான்னு நானும் சொல்லல. முறுக்கு நின்னுருமே!

எங்க வீட்டுக்காரருக்குத் தோட்டத்துல பொகை வீட்டு வேலை. ரப்பர்ப் பால ஒறைய வச்சு, தகடா இழுத்து, வரிசையாத் தொங்கவிட்டுக் கீழ நெருப்பு மூட்டுவாங்க. பொகை சரியாப் படலேன்னா தகட்டுல பூசணம் பூத்துரும். அப்ப தொரை பேசுற பேச்சு இருக்கே, காதுல பஞ்சுதான் வைக்கணும். வீட்டுக்கு வந்தா மனுசன் கருவாடு மாதிரி மணப்பாரு.

"நாள் பூராப் பொகையில நிக்கிறேன், வீட்டுலயும் பொகையா?"

"கருவாட்ட எத்தன தடவதான் சுடுறதுன்னு அடுப்பும் கேக்குது"ம்பேன். மொறைப்பாரு. ஆனா கன்னம் துடிக்கும், சிரிப்ப அடக்குறது தெரியும்.

சீமையில பெரிய சண்டை நடந்துக்கிட்டு இருந்த சமயம் எம் மகன் பொறந்தான். இன்னைக்குத் தகரம் போடுறானே, அவனேதான். பச்சப் புள்ளையில பொகை பட்டாலே நெஞ்சு கீங்கீங்னு இழுக்கும். அவருக்குப் பொறுக்கல. கூரையப் பிரிச்சுத் தகரம் போடுவோம், அடுப்ப வெளிய வைப்போம்னாரு. ஆமாங்க, அதேதான். புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கல எம் மகன்.

மாமியா ஒத்துக்கிட்டாங்க. ஆனா தூணும் உத்தரமும் நிக்கணும்னுட்டாங்க.

"எம் புருசன் ஏத்துன கட்டைடா அது. நீங்க எல்லாம் தொட்டில்ல ஆடுன கட்டை. அதுல கை வச்சீன்னா நான் நாகப்பட்டணத்துக்குக் கப்பலேறிருவேன்."

கப்பல் என்னைக்கு அத்தைன்னு கேக்க நாக்கு அரிச்சுது. கடிச்சுக்கிட்டேன்.

சீனத் தச்சரு உத்தரத்தத் தட்டிப் பாத்துட்டு, "கயு லாமா, குவாட் லா, தங்கச்சி!"ன்னாரு. பழைய மரம், பலமா இருக்குன்னு. மேல அப்பியிருந்த கரியத் தேங்காநாரு வச்சுத் தேச்சுத் தேச்சு எங்க வீட்டுக்காரரே எடுத்துட்டாரு. மரம் தங்கமா மின்னுச்சு. புள்ளைக்கு இழுப்பு நின்னுச்சு. நானும் பொகை போயி சவுக்கார வாசனையா இருந்தேன். அவரு திரும்பித் திரும்பிப் பாத்ததெல்லாம் இங்க எதுக்கு.

புள்ள நடக்கப் பழகிருச்சு, ஆனா மத்தியானத் தூக்கத்துக்குத் தொட்டில்தான் வேணும். ஒருநாள் பாக்குறேன், நெத்தியில வெள்ளையா ஒரு கோடு. தொட்டா நைசா, சலிச்ச அரிசி மாவு மாதிரி. மேல உத்தரத்துல இருந்து இன்னும் கொஞ்சம் உதிருது. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள மாமியா கூப்பாடு போட்டுட்டாங்க.

"டேய், உங்கப்பா வந்துட்டாருடா! பேரனுக்குத் துண்ணூறு போடுறாருடா!"

மாமனாரு உசுரோட இருந்தப்ப புள்ளைங்க நெத்தியில துண்ணூறு பூசாம வேலைக்குக் கெளம்ப மாட்டாராம். இப்பப் பேரன் நெத்தியில சரியா வந்து விழுதுன்னா வேற யாரு? சூடம் கொளுத்துனாங்க. மறுநாளும் விழுந்துச்சு. கொட்டாங்கச்சியில சேத்து வச்சு லயத்துக்கே பூசிவிட்டாங்க. எங்க வீட்டுக்காரரும் பொகை வீட்டுல இருந்து நேரா வந்து, மேலெல்லாம் பொகை மணக்க, அம்மா முன்னால குனிஞ்சு பூசிக்கிட்டாரு. பொகை இல்லேன்னா என்ன ஆகும்னு தெனமும் கண்ணால பாக்குற மனுசன்.

வீடு அடங்குன மத்தியானத்துல மேல ஒரு சத்தம் கேக்கும். கறுக், கறுக்குன்னு.

"உம் மாமனாரு வெத்தல மெல்லுறாரு"ம்பாங்க மாமியா.

"போறப்ப பல்லே இல்லேன்னீங்களே அத்தை, அங்க போய் மொளச்சுருச்சா?"

சுத்தி இருந்தவளுக எல்லாம் சிரிச்சாளுக. நானும் சிரிச்சேன். ஆனா மாமனாரு கை வரவர தாராளமாயிக்கிட்டே இருந்துச்சு. கோடா இருந்தது பட்டையாச்சு. பட்டை போயி, புள்ள கண்ணு, மூக்கு எல்லாம் மாவாச்சு.

ஒருநாள் செனாய் பக்கத்துல இருந்து ஒருத்தி, காய்ச்சக்காரப் புள்ளையத் தூக்கிக்கிட்டுத் துண்ணூறு கேட்டு வந்துட்டா. அன்னைக்குன்னு பாத்து ஒண்ணும் விழல. வந்தவள வெறுங்கையோட அனுப்ப மாமியாவுக்கு மனசு வரல. வெறகுக் குச்சிய எடுத்து உத்தரத்த லேசா இடிச்சாங்க. குச்சி மரத்துல பட்ட சத்தமே கேக்கல. புட்டுக்குள்ள வெரல விட்ட மாதிரி உள்ள போயிருச்சு. போன ஓட்டை வழியா மாவு மூட்டை அவுந்த மாதிரி கொட்டுது. மாமியா ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் கும்புட்டுக்கிட்டு நிக்கிறாங்க. நான் தொட்டிலுக்குள்ள கைய விட்டேன்.

"தூக்காதடி! தாத்தா குடுக்குறாரு, புள்ள வாங்கிக்கட்டும்!"

அத்தை பேச்ச நான் மீறுனது அன்னைக்குத்தான். சரி, பொய் எதுக்கு, மறைவா நெறைய மீறியிருக்கேன். நேருக்கு நேரா அன்னைக்குத்தான். புள்ளையச் சுருட்டிக்கிட்டு வாசலுக்குப் பாஞ்சேன். வந்தவளும் அவ புள்ளையோட எம் பின்னாலயே ஓடியாந்துட்டா. படார்னு உத்தரம் நடுவுல ஒடிஞ்சு, தகரத்தையும் இழுத்துக்கிட்டுத் தொட்டில் மேலயே எறங்குச்சு.

மாமியா காலு உள்ள மாட்டிக்கிச்சு. தல, மொகம், சேலை எல்லாம் வெள்ளை. அபிசேகம் பண்ணுன சாமி செலை மாதிரி ஒக்காந்திருந்தாங்க, கண்ணு மட்டும் தொறந்திருந்துச்சு.

எங்க வீட்டுக்காரரு ஓடியாந்து அம்மாவ வெளிய தூக்குனாரு. அப்புறம் ஒடிஞ்ச கட்டைய ஒரு கை அள்ளுனாரு. கசக்குனா தூளாப் போச்சு. தூளுக்குள்ள குட்டிக் குட்டியாப் புழு நெளியுது. அதப் பாத்துட்டுத் தன் சட்டைக் கைய மோந்து பாத்தாரு.

"பொகைதாண்டி இத்தன நாளா இதத் தாங்கிப் புடிச்சுருக்கு."

புதுசா உத்தரம் ஏத்துனாரு. ஓலைக் கூரை போட்டு, அடுப்ப மறுபடி அதுக்கு நேர் கீழயே வச்சாரு. புள்ளைக்கு மூச்சு எரைக்கிறப்ப எல்லாம் வாசல்ல தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேன். மாமியா நொண்டி நொண்டி ரொம்ப நாளு இருந்தாங்க. கோயில்ல பண்டாரம் துண்ணூறு குடுத்தா கை நீட்டி வாங்குவாங்க. மோந்து பாப்பாங்க. முந்தானையில தொடச்சுருவாங்க. போற வரைக்கும் அந்த நெத்தி வெறும் நெத்திதான்.

இதையெல்லாம் எம் மகன்கிட்டச் சொன்னேன். "டேய், அது பொகையில நிக்கிற மரம்டா, பொகைய எடுத்துட்டா நிக்காதுடா"ன்னேன். "அலமாக், அம்மா ஆரம்பிச்சுட்டாங்க லா!"ன்னு பொண்டாட்டியப் பாத்துக் கண்ணடிக்கிறான். அவளும் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறா. அவங்களச் சொல்லி என்ன? வெத்தல மெல்லுறது, பல்லு மொளச்சது, மாமியா கும்புட்டது எல்லாத்தையும் மாமியா கொரல்லயே பேசிக் காட்டி, கல்யாணத்துல கருமாதியில எல்லாரையும் சிரிக்க வச்சவதான நான். இப்ப அழுதுக்கிட்டே சொன்னாலும் அடுத்த சிரிப்பு எப்ப வரும்னுதான் பாக்குறாங்க.

மாமியா இல்ல. எங்க கருவாடும் போயிருச்சு. பொகை ஒண்ணு இருந்துச்சு, அதுவும் இந்த வாரம் போச்சு.

தொட்டில் வரப்போற எடத்துக்கு நேர் கீழ, சிமிட்டித் தரையில என் பழைய கருப்புச் சேலைய விரிச்சு வச்சிருக்கேன். எதுக்கும்மான்னு மருமக கேட்டா. இடுப்புக்குக் காத்து வாங்க வச்சிருக்கேன்னேன், சிரிச்சுட்டுப் போயிட்டா. தெனமும் எந்திரிச்சதும் மூஞ்சியக் கூடக் கழுவாம அதத்தான் போய்ப் பாக்குறேன்.

இன்னைக்கு வரைக்கும் கருப்பாத்தான் இருக்கு.