எழும்பாத ஆள்

மேடம், கடலில் காணாமல் போனவனைக் கூப்பிட்டு அந்த நீல நாற்காலியில் உட்காரவைத்தது நீங்கள். எழுப்பி அனுப்பாமல் விட்டதும் நீங்கள்தான்.

பள்ளி ஆலோசகருக்கான முதுகலைப் படிப்பில் எனக்குக் களப்பயிற்சி தனுவச்சபுரம் பக்கம் ஒரு பள்ளியில். மேற்பார்வைக்கு வந்த பேராசிரியை நீங்கள். பூவாரிலிருந்து பஸ்ஸில் வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வகுப்பில் வாயே திறப்பதில்லை. மீன்பிடிக்கப் போன அவள் அண்ணன் திரும்பவில்லை. உடல் கிடைக்காததால் அடக்கமும் நடக்கவில்லை. கொஞ்சம் பொறுப்போம் என்றேன். நீங்கள் அவளுக்கு எதிரே காலி நாற்காலியை இழுத்துப் போட்டு, "அண்ணன் இதில இருக்கான்னு நெனச்சுப் பேசு மக்கா" என்றீர்கள். பாடத்தில் உள்ள முறைதான். கடைசியில் அவளையே விடைகொடுக்கவைத்து, நாற்காலியை ஒதுக்கிவிட வேண்டும் என்பதும் அதே பாடத்தில் உண்டு.

"அண்ணா, இம்புட்டு நாளும் எங்க கெடந்த? அம்மைகிட்ட ஒரு வாக்கு சொல்லப்பிடாதா?" என்றாள். பிறகு பதில் கேட்பவள்போலத் தலையைச் சாய்த்தாள். அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேலி வந்ததுபோலச் சிரித்தாள். மணி அடித்தது. நெய்யாற்றின்கரை பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று நீங்கள் பையை எடுத்தீர்கள்.

"அண்ணன் இன்னும் எழும்பல்ல, மேடம்" என்றாள் அவள்.

"அப்ப அவனுக்கும் அட்டெண்டன்ஸ் போடச் சொல்லு" என்று சிரித்தபடி போனீர்கள். திரும்ப வரவில்லை.

மறுநாள் அந்த நாற்காலி மட்டும் ஈரமாக இருந்தது. ஓடு ஒழுகியிருக்கலாம். பக்கத்திலிருந்த எதுவும் நனையவில்லை. விடைகொடுக்கும் மிச்சத்தை நான் முடித்துவைக்கப் பார்த்தேன். அவள் சம்மதிக்கவில்லை. "விளிச்ச மேடம் சொன்னாத்தான் போவானாக்கும்" என்றாள். கூப்பிட்டது நீங்கள்தானே. உங்களுக்குப் போன் செய்தேன். ரிப்போர்ட் போயாச்சு, இனி அதைக் கிளறாதே என்றீர்கள்.

இப்போது அவள் பிளஸ் டூ. போன வாரம் பாறசாலை பஸ்ஸில் பார்த்தேன். பக்கத்து இருக்கையில் பை இருந்தது. கூட்டத்தில் ஒரு பெரியவர் உட்காரப் போனார். "ஆளு உண்டு" என்றாள். இறங்கும்வரை அங்கே யாரும் வரவில்லை.

பள்ளியில் யாரும் அதில் உட்காரத் துணியாததால் ஹெட்மாஸ்டர் நீல நாற்காலியை எனக்கே கொடுத்துவிட்டார். என் வீட்டு முன்னறையில் கிடக்கிறது. நானும் உட்காருவதில்லை.

அடுத்த வாரம் புது மாணவர்களுக்கு இதே முறையைக் கற்றுத்தர வருகிறீர்களாம். நாற்காலியை நான் கொண்டுவருவேன். அவளிடமும் கேட்டேன். "வாறேன் டீச்சர், அவனும் வருவான்" என்றாள். அத்தனை பேர் முன்னாலும் அவளுக்குப் பதில் சொல்லுங்கள், மேடம். அவன் எப்போது எழும்பலாம்?