தூங்கிய பிள்ளையின் கண்

அந்தத் தெருக்களில் அவளுக்குப் ‘பூனை நர்ஸ்’ என்று பெயர். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. மாதம் ஒருமுறை வீடு வீடாகப் போய்க் கைக்குழந்தைகளின் எடை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கண் எல்லாவற்றையும் பார்த்துப் பதிவேட்டில் குறிப்பது அவள் வேலை. தூங்குகிற பிள்ளையைத் துணியோடு தூக்கித் தராசில் கிடத்தி, எழுப்பாமலே திரும்பப் படுக்க வைத்துவிடுவாள். இருபது வருஷத்தில் எடுத்த நல்ல பெயர் அது.

மாடிவீட்டுத் தையல்காரியின் மகன் பகலெல்லாம் தூங்குகிற ரகம்.

“இப்பத்தான்க்கா கண்ணசந்தான். எழுப்பினீங்கன்னா அப்புறம் நீங்கதான் என் மிஷினை மிதிக்கணும்.”

“எனக்கு ஊசி குத்தத்தான் தெரியும், நூல் கோக்கத் தெரியாதும்மா” என்று சிரித்தாள் நர்ஸ். கண் பார்க்கிற டார்ச் பைக்குள்ளேயே கிடந்தது. ‘கண்: நலம்’ என்று எழுதினாள். அடுத்தடுத்த இரண்டு மாதமும் அதே கதைதான்.

நான்காம் மாதம் தையல்காரி கைபேசியை நீட்டினாள்.

“இந்தப் போட்டோவைப் பாருங்கக்கா. ஒரு கண்ணு மட்டும் வெள்ளையா மின்னுது. லைட் பட்டிருக்கும்னு இவரு சொல்றாரு.”

நர்ஸ் பைக்குள்ளிருந்த டார்ச்சை எடுத்தாள். பிள்ளையை எழுப்பி டார்ச் அடித்தாள். இடது கருமணிக்குள் வெள்ளை.

அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். கண்ணுக்குள் புற்றுநோய்க் கட்டி. உயிர் தப்பியது, கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று.

“ரெண்டு மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா கண்ணையும் காப்பாத்தப் பார்த்திருக்கலாம்” என்றார் டாக்டர். யாரையும் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை.

வராந்தாவில் தையல்காரி நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க இல்லைன்னா எம்புள்ள இல்லக்கா.”

அதைத் தாங்க முடியாமல் நர்ஸ் பதிவேட்டைத் திறந்தாள். “மூணு மாசமும் நலம்னு எழுதியிருக்கேன் பாரு. ஒரு தடவைகூடப் பார்க்கலம்மா. தூங்கினான்.”

தையல்காரி மூன்று ‘நலம்’களையும் விரல் வைத்துப் படித்தாள். கத்தியிருந்தால், நாலு வார்த்தை திட்டியிருந்தால் நர்சுக்கு மனம் ஆறியிருக்கும்.

“நான்தானேக்கா எழுப்ப விடல” என்றாள்.

இப்போதெல்லாம் நர்ஸ் வந்துபோனால் தெருவே அழுகிறது. “பூனையா இருந்தவ பேயா மாறிட்டியே!” என்று மாமியார்கள் ஏசுகிறார்கள். தூங்குகிற பிள்ளையை எழுப்பி, இமை திறக்கும்வரை டார்ச்சோடு காத்திருந்து, கண்ணைப் பார்த்த பிறகுதான் நகர்கிறாள்.

தையல்காரியின் மகன் நடக்கத் தொடங்கிவிட்டான். நர்ஸைக் கண்டால் தானாகவே முகத்தை நிமிர்த்திக் காட்டுகிறான். ‘வலது: நலம்’ என்று எழுதுவாள். இடது என்ற இடத்தில் பேனா சற்று நேரம் நிற்கும்.