பக்கத்து ஆசனத்து அரிசி

லாங்கன்தாலில் சிறீதரனைத் தெரியாத தமிழர் இல்லை. தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவருக்கு அண்மையில் விசர் பிடித்துவிட்டது என்றார்கள். மற்றப் பாதி, பிறக்கும்போதே பிடித்ததுதான் என்றார்கள். ஐம்பத்தாறு வயது. இரும்பு வெட்டும் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருட வேலை. வீட்டில் ஒரு மனைவி, வீட்டுக்கு அடியில் ஒரு விமானம். மற்றவர்களிடம் இல்லாதது கடைசியாகச் சொன்னது மட்டும்தான், ஆனால் ஊர் வாய்க்கு அது போதும்.

விமானம் என்றால் விளையாட்டுச் சாமான் இல்லை. இரண்டு பேர் ஏறிப் பறக்கிற உண்மையான விமானம். பெட்டி பெட்டியாக வந்த அலுமினியத் தகடுகளை ஒன்பது வருடம் தன் கையால் வளைத்து, துளைத்து, பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் ரிவெட் ஆணி அடித்து அவரே கட்டினார். இடையில் ஐம்பத்து மூன்றாவது வயதில் சின்ன விமானம் ஓட்டும் உரிமமும் எடுத்தார். வானிலைப் பரீட்சையில் ஜெர்மன் மொழி இரண்டு தடவை காலை வாரிவிட்டது. மூன்றாம் தடவை மனுசன் மேகங்களின் பெயர்களைத் தேவாரம் போலப் பாடமாக்கிக்கொண்டு போய்த் தேறினார்.

கட்டிய இடத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில், போர் வந்தால் ஒளிந்துகொள்ள அடுக்குமாடி வீடுகளுக்கு அடியில் ஒரு பங்கர் இருக்கும். கனத்த கொங்கிரீட் கதவு, காற்றை வடித்துத் தரும் இயந்திரம், எல்லாம் உண்டு. சண்டை வராததால் சனம் அதற்குள் பனிச்சறுக்குக் கட்டைகளையும் வைன் போத்தல்களையும் அடுக்கி வைத்திருக்கிறது. சிறீதரன் வீட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதி அதில் பாதியைக் கேட்டார். அவர்கள் ஒரு படிவம் அனுப்பினார்கள்: போர் மூண்டால் ஐந்து நாட்களுக்குள் விமானத்தை வெளியேற்றுவேன் என்று கையெழுத்து வேண்டும். இவர் போட்டுக் கொடுத்தார். கேட்டவர்களுக்கும் சிரிப்பு வரவில்லை, எழுதிக் கொடுத்தவருக்கும் வரவில்லை.

சிரிப்பு வராத இன்னொருவர் அவருடைய மனைவி ஞானேஸ்வரி.

"பிளேனுக்கு ஒளிக்கவெண்டு கட்டின பங்கருக்குள்ள இருந்து பிளேன் கட்டுறியள். இதை நான் ஆரிட்டைப் போய்ச் சொல்லி அழ?"

ஞானேஸ்வரி பக்கம் நியாயம் இருந்தது. பதினாறு வயதில் யாழ்ப்பாணத்தில் அவரும் பங்கருக்குள் இருந்தவர். அது பனங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கிய பங்கர். குண்டு விமானம் மேலே வட்டமடிக்கிற சத்தம் அப்போது காதுக்குள் புகுந்தது, இன்னும் வெளியே வரவில்லை. இப்போது முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கும் பகுதியில் வேலை. விமானப்படையின் பயிற்சி விமானம் மேலால் போனால், கையில் இருக்கிற போர்வைகளோடு அப்படியே தரையில் படுத்துவிடுவார். முதலில் கூட வேலை செய்பவர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். இப்போது தாண்டிப் போகிறார்கள்.

அந்த மனுசிக்காகத்தான் சிறீதரன் இரண்டாவது ஆசனத்தை வைத்தார். ஒற்றை ஆசனம் என்றால் நாலைந்து வருடத்தில் வேலை முடிந்திருக்கும். அந்தச் சத்தத்துக்குள்ளேயே அவளை ஒருமுறை உட்கார வைத்து, இது நான் செய்த சத்தம், இதிலிருந்து ஒன்றும் விழாது என்று காட்டிவிட வேண்டும். அவருக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். எப்போது கேட்டாலும் ஒரே பதில்.

"செத்தாலும் ஏறன்."

"செத்தாப் பிறகு ஏத்தி என்ன பிரயோசனம், ஞானம்?"

போன வசந்தத்தில் விமானம் துண்டு துண்டாகப் பங்கரை விட்டு வெளியே வந்து, ஊருக்கு அப்பால் இருக்கிற சின்ன விமானத் திடலில் ஒன்று சேர்ந்தது. சோதனைப் பறப்புகளைக் கண்காணிக்க வந்தவர் ரூடி என்ற ஓய்வுபெற்ற பொறியியலாளர். குத்துமதிப்பு என்கிற சங்கதியை வாழ்க்கையில் கேள்விப்படாதவர். சிறீதரன் தனியாக இருபத்தைந்து மணித்தியாலம் பறந்து முடித்ததும், இனிப் பக்கத்து ஆசனத்தில் பாரம் வைத்துப் பறந்து காட்ட வேண்டும், அது முடியும் வரைக்கும் ஒருவரையும் ஏற்றக்கூடாது என்றார்.

"எவ்வளவு பாரம்?" என்று சிறீதரன் கேட்டார்.

"அதில் யார் இருக்கப்போகிறார்?"

"என் மனைவி."

"அப்படியென்றால் உன் மனைவியின் எடை" என்றார் ரூடி, பேனையைப் படிவத்தில் ஊன்றியபடி. "சரியான எடை."

ஏறவே மாட்டேன் என்கிற மனுசியிடம் எடையை எப்படிக் கேட்பது? சிறீதரன் கேட்டுப் பார்த்தார்தான். புட்டு அவிந்துகொண்டிருந்த நல்ல நேரமாகப் பார்த்துத்தான் கேட்டார்.

"என்ன, இறைச்சிக்கடையிலயோ நிக்கிறியள்?" என்றார் ஞானேஸ்வரி. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மனுசன் செய்யக்கூடாத வேலையைச் செய்தது அதற்குப் பிறகுதான். விமானத்தை நிறுக்கிற தராசை ரூடி அவரிடம் விட்டுவைத்திருந்தார்: சில்லுக்கு ஒன்றாக மூன்று தட்டுகள், வயர் வழியாக எண்ணைக் காட்டும் ஒரு சின்னப் பெட்டி. ஞானேஸ்வரி காலையில் சாமித்தட்டுக்கு முன்னால் சின்னக் கம்பளம் ஒன்றில் கால் மணி நேரம் நின்று கும்பிடுவார். வீட்டில் அவர் அவ்வளவு நேரம் ஓரிடத்தில் ஆடாமல் நிற்பது அங்கே மட்டும்தான். சிறீதரன் ஒரு தட்டைக் கம்பளத்துக்கு அடியில் செருகி, வயரைச் சுவரோரமாக ஓடவிட்டு, குசினிக் கதவுக்குப் பின்னால் பெட்டியைப் பிடித்தபடி பதுங்கினார். பிள்ளையார் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

கற்பூரத் தட்டுக்கு முந்நூறு கிராம் கழித்து, எழுபத்தொரு கிலோ.

வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் தட்டை எடுத்தவர் வயரைச் சுருட்ட மறந்துவிட்டார். பின்னேரம் வந்து சாப்பிட உட்கார்ந்தால், சாப்பாட்டுக் கோப்பையில் இடியப்பத்துக்குப் பதிலாக அந்த வயர் வட்டமாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் சம்பல்கூட இருந்தது. ஞானேஸ்வரி சத்தம் போடவில்லை. மூன்று நாள் கதைக்கவும் இல்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் சிறீதரன் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருப்பார்.

ஆசனத்தில் மண்மூட்டை வைக்கச் சொன்னார் ரூடி. மண்மூட்டை என்றதும் சிறீதரனுக்கு ஞானேஸ்வரியின் பழைய பங்கர் நினைவுக்கு வந்தது. அவள் இருக்கிற இடத்தில் இனி மண்மூட்டை வேண்டாம் என்று தமிழ்க்கடைக்குப் போய் இருபது கிலோ அரிசி மூட்டை மூன்று, பத்துக் கிலோவில் ஒன்று, கணக்கு முட்ட ஒரு கிலோ பருப்பு வாங்கி வந்தார். ரூடி ஒவ்வொரு மூட்டையாக நிறுத்துப் பார்த்து, பருப்பில் நாற்பது கிராம் கூட இருக்கிறது என்று படிவத்தில் குறித்துக்கொண்டார். வெள்ளைப் பைகளில் வெயில் பட்டு விமானத்தின் கண்ணாடிக் கூரையில் மினுங்கியது, வெளியே பார்க்க முடியவில்லை. சிறீதரன் காரில் கிடந்த பழைய துணிப் பையைக் கிளறி, ஞானேஸ்வரி கழித்துவிட்ட சிவப்புச் சுவெட்டரை எடுத்து மூட்டைகளுக்குப் போர்த்தி, அதன் தொப்பியை மேல் மூட்டையில் இழுத்துவிட்டு, பெல்ட்டையும் மாட்டினார்.

ஆசனத்தில் ஆள் இருப்பது போலவே இருந்தது. அதனால்தானோ என்னவோ, ஓடுபாதையில் உருளத் தொடங்கியதுமே மனுசன் அரிசியோடு கதைக்க ஆரம்பித்துவிட்டார். "இது எஞ்சின் சத்தம், ஞானம், பயப்பிடாதையும். இப்ப ஒருக்காக் குலுங்கும். அது காத்து. அங்கை பாரும், எங்கட வீடு." நாலு பறப்பிலும் இதே கதை. அரிசி ஒரு தடவையும் குறுக்கே பேசவில்லை.

திடலைச் சுற்றி ஒரு நடைபாதை உண்டு. அங்கே தினமும் பத்தாயிரம் அடி நடக்கிறவர் பிரபாலினி, ஞானேஸ்வரியின் சினேகிதி. வைத்தியர் சர்க்கரைக்காக நடக்கச் சொன்னார். கண்ணுக்கும் வாய்க்கும் வேலை கொடுக்கச் சொல்லவில்லை, அது பிரபாலினி தானாகச் சேர்த்துக்கொண்டது. இதைக் கண்ட அன்றைக்கே தொலைபேசி எடுத்தார்.

"ஞானக்கா, நான் கண்டதைத்தான் சொல்லுறன், ஒண்டும் கூட்டிச் சொல்லேல்லை. அண்ணைக்குப் பக்கத்தில ஒரு பொம்பிளை. சிவப்புச் சுவெட்டர். அண்ணை கதைச்சுக் கதைச்சுப் போறார், அவ குனிஞ்ச தலை நிமிரேல்லை."

ஞானேஸ்வரி தொலைபேசியை வைத்துவிட்டார். மற்றவர்கள் எடுத்தார்கள். மறுநாள் கதை பூம்ப்ளிஸ் ஊரைத் தாண்டியபோது அந்தப் பெண் வெள்ளைக்காரியாக மாறியிருந்தாள். கூர் நகருக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு இரண்டு பிள்ளைகள்.

ஞாயிற்றுக்கிழமை பிரபாலினியின் காரில் ஞானேஸ்வரி திடலுக்கு வந்து இறங்கினார். விமானம் அங்கே போன நாளில் இருந்து அந்தப் பக்கமே வராதவர். அவர் வேலியைத் தாண்டி உள்ளே வர, சிறீதரனின் விமானம் இரைச்சலோடு தலைக்கு மேலால் இறங்கி வந்தது. ஞானேஸ்வரி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு புல்லில் குந்திவிட்டார். பிறகு கண்ணைத் திறந்தார். கண்ணாடிக் கூரைக்குள் அந்தச் சிவப்புச் சுவெட்டர் தெரிந்தது. கோபம் பயத்தைத் தள்ளிவிட்டு முன்னுக்கு வந்தது. எழும்பினார், நடந்தார். பிரபாலினி கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார்.

எஞ்சின் நின்றது. சிறீதரன் கூரையைத் திறக்கவும் ஞானேஸ்வரி எட்டித் தொப்பியைப் பிடித்து இழுக்கவும் சரியாக இருந்தது. தொப்பிக்கு அடியில் கீரிச் சம்பா, இருபது கிலோ, மயில் படம் போட்டது.

"ஆரிது?" என்றார் பிரபாலினி.

"அரிசி" என்றார் சிறீதரன்.

"அரிசியோ?" பிரபாலினிக்கு அழுகை வராத குறை. கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு காருக்குத் திரும்பிப் போனார்.

ஞானேஸ்வரி சுவெட்டரைத் தடவிப் பார்த்தார். "என்ர சுவெட்டரல்லோ?"

"ஓம்."

"ஆரோட கதைச்சனீங்கள்?"

சிறீதரன் பெல்ட்டைப் பார்த்தார், சில்லைப் பார்த்தார், பார்க்க வேறு ஒன்றும் மிஞ்சவில்லை. "உம்மோட. எந்தச் சத்தம் எதெண்டு சொல்லிப் பழகினனான். நீர் ஏறுற அண்டைக்கு நான் தடுமாறக்கூடாதெல்லோ."

ஞானேஸ்வரி மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இருபது, இருபது, இருபது, பத்து. மடியில் ஒரு பருப்புப் பை. உதடு மெல்ல அசைந்து கூட்டிப் பார்த்தது.

"இறக்குங்கோ" என்றார்.

இறக்கினார். ஞானேஸ்வரி செருப்பைக் கழற்றிப் புல்லில் வைத்துவிட்டு, இறக்கையில் கால் வைத்து ஏறி, அந்த ஆசனத்தில் உட்கார்ந்தார்.

"எஞ்சினைத் தொட்டியளெண்டால் குதிச்சிடுவன்."

"தொடேல்லை. தொடவும் ஏலாது. இன்னும் ஆள் ஏத்தக்கூடாது, ரூடி விடான்."

சிறீதரன் மற்ற ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் வேறு யாருடையதோ விமானம் ஒன்று திடலில் இருந்து கிளம்பித் தலைக்கு மேலால் போனது. ஞானேஸ்வரி படுக்கப் பார்த்தார். ஆனால் அந்த ஆசனத்தில் படுக்க இடமில்லை, சிறீதரன் அளந்து கட்டியது அப்படி. வேறு வழியில்லாமல் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, சத்தம் போய் மறையும் வரைக்கும் நிமிர்ந்தே இருந்தார். முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது, ஒரு விமானம் மேலால் போகும்போது அவர் நிமிர்ந்து இருந்து.

"அண்டைக்குக் கம்பளம் ஒரு விரற்கடை உயர்ந்து கிடந்தது" என்றார் ஞானேஸ்வரி, முன்னால் பார்த்தபடி. "அதைக் காணாமலோ ஏறி நிண்டனான்?"

சிறீதரன் மெதுவாகத் திரும்பினார்.

"ஒரு கையாலை சாமித்தட்டை ஊண்டிக்கொண்டுதான் நிண்டனான். உங்கட எழுபத்தொண்டு பிழை." காருக்குள் இருந்த பிரபாலினிக்குக் கேட்காது என்பதை ஒருமுறை திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். "எழுபத்தாறு. அந்தாளிட்டைச் சரியாச் சொல்லுங்கோ. பிறகு என்னை ஏத்திக்கொண்டு போய் மேலை நிண்டு கணக்குப் பாக்கக் கூடாது."

திங்கட்கிழமை சிறீதரன் வேலை முடிந்து நேரே தமிழ்க்கடைக்குப் போய் ஐந்து கிலோ அரிசி மூட்டை ஒன்றைத் தூக்கிக் கடை மேசையில் வைத்தார். கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"போன மாசம் எழுபது கிலோ, இப்ப இன்னும் அஞ்சு. என்ன அண்ணை, வீட்டில விசேசமோ?"

"ஓம்" என்றார் சிறீதரன்.