அப்பா போட்ட தாளம்

பக்கவாதத்தில் பேச்சும் வலது பக்கமும் போய்விட்ட என் அப்பாவைக் கவனிக்க, கன்னியப்பன் என்பவரை வீட்டோடு வைத்தேன். குடி உண்டா, பீடி உண்டா என்று மாப்பிள்ளைக்கு விசாரிப்பதுபோல் விசாரித்தேன். படுத்தவரைப் புரட்டத் தெரியுமா என்று கேட்க மட்டும், தறி நெய்த நேரம் போகப் புத்தகமும் கையுமாக இருக்கும் எனக்குத் தோன்றவில்லை.

அமாவாசையன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. அந்த அமைதியில் அப்பாவின் அறையிலிருந்து தட்டும் சத்தம் கேட்டது. இடது கையால் கட்டில் சட்டத்தை விடாமல் தட்டிக்கொண்டிருந்தார்.

“தெனம் இப்டித்தாண்ணா தட்டிக்கினு இருக்காரு,” என்றார் கன்னியப்பன். “நெசவாளி ஆச்சே, உங்க தறிக்குத் தாளம் போடறாருன்னு இருந்துட்டேன்.”

இன்று தறியே ஓடவில்லையே, எதற்குத் தாளம் என்று எனக்கு உறைத்தது. இருவருமாகப் புரட்டினோம். வேட்டி அடிமுதுகோடு ஒட்டியிருந்தது. பிரித்தால் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண்.

“இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா எலும்பைத்தான் பாத்திருப்பீங்க,” என்றார் வந்து பார்த்த டாக்டர்.

புண் இன்னும் முழுதாக ஆறவில்லை. இப்போது நான் அடிக்கடி தறியை நிறுத்திக் காது கொடுக்கிறேன். கன்னியப்பனுடன் சேர்ந்து புரட்டி, முதுகை என் கண்ணால் பார்த்த பிறகே தறிக்குத் திரும்புகிறேன். அப்பா தட்டுவது குறைந்துவிட்டது. தட்டாவிட்டாலும் போய்ப் பார்க்கிறேன்.