குழித்துறையில் விற்காத டிஷ்யூ மெஷின்

வேலையை விட்டு இரண்டு மாதம். வீட்டில் உட்காரவே முடியவில்லை. டிஷ்யூ பேப்பர் போடும் பழைய மெஷின் ஒன்று குழித்துறையில் விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும், இந்த ஜூன் மழையில் மதுரையிலிருந்து கிளம்பிவிட்டேன்.

நாகர்கோவில் வடசேரியிலிருந்து மார்த்தாண்டம் பஸ். சுமார் முப்பது கிலோமீட்டர்தான்; மழை ஒன்றரை மணி நேரமாக்கிவிட்டது. அங்கிருந்து ஆட்டோவுக்கு நூறு ரூபாய். (நடந்தே போயிருக்கலாம்.)

ஆற்றுப்பக்கம் ஒரு தகர ஷெட். போனில் பேசிய ஸ்டீபன் வாசலிலேயே மறித்தார். "சாரே, மெஷின பாருங்க. விலய வெளிய வச்சு பேசலாம்" என்றார் மெதுவாக.

மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர் மனைவி ஜாஸ்மின். நான் சரக்கு எடுக்க வந்தவன் என்று நினைத்து உற்சாகமாகப் பேசினார். குவைத்தில் ஆஸ்பத்திரித் துப்புரவு வேலை பார்த்துத் திரும்பியவர். முதலில் மொத்தமாக டிஷ்யூ வாங்கி, கவரில் போட்டுக் கடைகடையாக விற்றிருக்கிறார். பெயர் 'தும்பை'. "வெள்ளையாட்டு இருக்கும்லா, அதான்." பிறகுதான் மெஷின். மில்லிலிருந்து பெரிய உருளையாக வரும் பேப்பரில் பூ அச்சு பதித்து, மடித்து, வெட்டி, கவரில் அடைக்கிறார்கள்.

அன்று ஈரத்தில் பேப்பர் அறுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் மெஷினை நிறுத்தி நுனியைக் கோத்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "இதைக் கழற்றி மதுரையில மாட்ட எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டேன்.

அவர் கை அப்படியே நின்றது. "விக்கப் போறோம்னு ஆரு சொன்னா?"

நான் ஸ்டீபனைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லண்டாமா?" என்றார் ஜாஸ்மின்.

"நீ ராவும் பகலும் இதுக்க கூட கெடந்து சாவுதத பாக்க முடியல்ல, கேட்டியா."

"அப்பம் வந்து கூட நில்லுங்க. எதுக்கு விக்கணும்?"

 ஸ்டீபன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பேப்பர் நுனியைப் பிடித்தார். மெஷின் ஓடியது. "சாரு சாயா குடிச்சிட்டுப் போலாம், மழ பெய்யுதுல்லா" என்றார் ஜாஸ்மின், என் முகத்தைப் பார்க்காமல்.

பழைய மெஷின் பார்க்கப் போகிறவர்களுக்கு: மழை நாளில் போங்கள், அதன் குறையெல்லாம் அன்றைக்குத் தெரியும். அதற்கு முன்னால், அதை ஓட்டுகிறவரிடம் ஒரு தடவை பேசிவிடுங்கள்.

வடசேரியில் மதுரை பஸ்ஸுக்காக ஓரிடத்தில் நிற்க முடியாமல் நடந்துகொண்டிருந்தபோது ஸ்டீபன் போனில் கூப்பிட்டார். "சாரே, தும்பைக்கு மதுரையில ஏஜென்சி எடுப்பியளான்னு அவ கேக்கச் சொன்னா."

அவர் முடிப்பதற்குள் சரி என்றேன்.