குஞ்சு இல்லை, பொஞ்சாதி

நேற்று மாடியில் காலில் மிதிபட்ட கறிவேப்பிலைப் பழத்தின் காரவாசம் என்னை ராயபுரம் ரயில்வே லைன் வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுபோய்விட்டது. இப்போது அங்கே கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. அன்று ஒரு கறிவேப்பிலை மரமும், இன்ஜின் கரி படிந்த கொடித்துணிகளும், விடிந்தால் கூவத் தொடங்கும் இரண்டு கொண்டைக்குருவிகளும் இருந்தன. ஒன்று பழம் கொத்திவரும். மற்றது இறக்கையைப் படபடத்து, வாய் பிளந்து வாங்கிக்கொள்ளும்.

துறைமுகத்தில் வேலைபார்த்த அண்ணன் ஒருநாள் கூண்டோடு வந்தான்.

"அது குஞ்சுடி. தானா தின்னத் தெரியாம கேட்டுகினு கீது. புடிச்சு வளக்கலாம்."

"குஞ்சு இல்லண்ணா, பொஞ்சாதி. ரெண்டுக்கும் வாலடியில ஒரே செவப்பு பாரு! குஞ்சுன்னா வெளுத்துல்ல இருக்கும்!"

எனக்கு எட்டு வயது. அம்மாகூடச் சிரித்தாள்.

"முட்டை போட்டா நம்பறேன். ஞாயித்துக்கெழம வரைக்கும்தான் டைம்" என்றான் அண்ணன்.

அந்த வாரம் முழுக்கப் பள்ளி விட்டதும் மரத்தடியிலேயே கிடந்து பூனையை விரட்டினேன். சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அண்ணன் என்னைத் தோளில் தூக்கினான். கிளைக்கவட்டில் கிண்ணம்போல் கூடு. உள்ளே செம்புள்ளி போட்ட மூன்று முட்டைகள்.

நான் போட்ட கூச்சலில் லைன் வீட்டுப் பெண்களெல்லாம் சமையலை விட்டு ஓடிவந்தார்கள். என்னை இறக்காமலேயே அண்ணன் அவர்களிடம் சொன்னான்: "என் தங்கச்சிதான் கண்டுபுட்ச்சிச்சு!"