அம்மா என்று கூப்பிட்டால் ஓய்வூதியம் இல்லை

மேலங்கியின் வலது முனை மூக்குக்கு, இடது முனை வாய்க்கு. எடில்மாவுக்கு இதில் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. "வாம்மா, நல்லா சிந்து. நீ ஏம்ப்பா ஒளியுற, உன் மூக்கு தெருமுனையிலயே தெரியுதே" என்று பிள்ளைகளை ஒவ்வொருவராக இழுத்துப் பிடித்துத் துடைத்துவிட்டு, வெல்லத்தண்ணீரும் சோளரொட்டியும் நீட்டுவார்.

பொகோட்டாவின் தெற்கு மேட்டில், பேருந்து மூச்சுவாங்கி நின்றுவிடும் இடத்துக்கும் மேலே அவர் வீடு. அடுத்தவர் வீட்டுத் தரை துடைக்க விடியுமுன் இறங்கிப் போகும் பெண்கள் பிள்ளைகளை அவரிடம் விட்டுப்போவார்கள். அரசு சத்துமாவும் ஒரு தொகையும் தரும். தொகைக்குப் பெயர் சம்பளம் அல்ல, ஊக்கத்தொகை. எடில்மாவின் பதவிக்குப் பெயர் 'சமூகத் தாய்'. அந்த ஊரில் பெண் குழந்தையை அம்மா என்றும் ஆண் குழந்தையை அப்பா என்றும் கொஞ்சுவது வழக்கம். குழந்தைகளும் திருப்பி எடில்மாவை அம்மா என்பார்கள். ஆக, அந்தக் கூடத்தில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு அம்மா மேல்தான் விழவேண்டும்.

இந்த அம்மாவில்தான் வில்லங்கம். அரசு திடீரென்று மனமிரங்கி, இவர்களுக்கு இலவசப் பயிற்சி, மருத்துவக் காப்பீடு, வயதானால் ஓய்வூதியம் என்று அறிவித்தது. சேதி கேட்டு எடில்மாவின் முழங்கால்கள் அவருக்கு முன்பே எழுந்து நின்றன. ஆனால் சலுகையெல்லாம் ஊழியர்களுக்கு. தாய் ஊழியர் அல்ல, பாசத்தில் செய்கிறவள். பயிற்சி முடித்து, அதிகாரி நேரில் வந்து பார்த்து, இது தொழில்தான் என்று எழுதினால்தான் தாய் ஊழியராவாள்.

சனிக்கிழமைகளில் தேவாலயக் கூடத்தில் பயிற்சி. அரசுச் செலவில் பேருந்துக் கட்டணமும் ஒரு கேக்கும். நடத்தியவர் லுஸ்மிலா. படித்திருந்து கையில் கோப்பும் இருந்தால் அந்த ஊரில் டாக்டர்தான். ஊசி போடத் தெரியவேண்டியதில்லை.

"இனிமே தூங்கவைக்கிறதுன்னு சொல்லக்கூடாது, 'ஓய்வுத் தருணம்'. கஞ்சி இல்ல, 'ஊட்டத் தருணம்'" என்றார் லுஸ்மிலா. "முக்கியமா, பிள்ளைங்க உங்களை அம்மான்னு கூப்பிடக்கூடாது. டீச்சர்னு கூப்பிடணும்."

"மூக்கு சிந்துறது என்ன தருணம், டாக்டரம்மா?" எடில்மா நிஜமான சந்தேகத்தோடுதான் கேட்டார்.

கூடம் சிரித்தது. லுஸ்மிலா சிரிக்கவில்லை. "முதல்ல அந்த அம்மாவை விடுங்க. என்கிட்டயும்."

புதுப் பதவிக்குப் பெயர் 'கல்வி முகவர்'. வீட்டில் கணவர் வில்மர், "முகவரா? அப்ப ஒரு பாலிசி போடு. நீ செத்தா எனக்கு எவ்வளவு வரும்?" என்றார்.

"சாகுற வரைக்கும் எனக்கு வரணும்ல. அதுக்குத்தானே படிக்கிறேன்."

சிக்கல் வீட்டுக்குள்ளேயே இருந்தது. எடில்மாவின் கடைக்குட்டி யெய்சனும் அந்தப் பிள்ளைகளில் ஒருவன், முறைப்படி சேர்க்கப்பட்டவன். அவன் எப்படிக் கூப்பிடுவது? அடுத்த வகுப்பில் கேட்டார்.

"ஆறு மணி வரைக்கும் நீங்க டீச்சர். அப்புறம் அம்மா."

"அவனுக்கு மணி பார்க்கத் தெரியாதே, டாக்டர்."

"அதையும் சொல்லிக்குடுங்க. டீச்சர்தானே நீங்க."

சொல்லிக்கொடுத்தார். அம்மா என்று யார் அழைத்தாலும் காது கேளாதவர்போல் இருந்தார். டீச்சர் என்றால் ஒரு துண்டு ரொட்டி கூடுதல். மற்றவர்கள் நாக்கு புரளாமல் திணறிக்கொண்டிருக்க, தீனிப்பிரியனான யெய்சன் முதலில் தேறினான். ஞாயிற்றுக்கிழமையும் டீச்சர் என்றான். குளிப்பாட்டும்போதும் டீச்சர் என்றான். திருத்தலாமா என்று எடில்மா யோசித்தார். திருத்தினால் அதிகாரி வரும் நாளில் குழம்பிவிடுவானே. வந்து போகட்டும், அப்புறம் மறக்கடித்துவிடலாம் என்று விட்டுவிட்டார்.

பார்த்து எழுத வந்தவரும் லுஸ்மிலாதான். ஓய்வுத் தருணமும் ஊட்டத் தருணமும் பழுதில்லாமல் நடந்தன. நடுவில் யெய்சன் ஓடிவந்து மேசை விளிம்பில் நெற்றியை மோதிக்கொண்டான். எடில்மா பதறி ஓடினார். புடைப்பைப் பார்த்தா, அவன் வாயிலிருந்து என்ன வருமோ என்றா, அவருக்கே தெரியவில்லை.

"டீச்சர்" என்று அலறினான் யெய்சன்.

லுஸ்மிலாவின் பேனா உற்சாகமாக ஓடியது. "பிரமாதம். இனிமே நீங்க ஊழியர்தான். காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் உண்டு. நானே எழுதிட்டேன்." எழுந்து வாசல்வரை போனவர், தூறலைப் பார்த்துத் திரும்பினார். "என் குடையை எங்க வச்சேன், அம்மா?"

எடில்மா குடையை எடுத்துக் கொடுத்தார். தன்னைத்தான் கூப்பிட்டாரா என்று நிச்சயமில்லை.

இருட்டத் தொடங்கியதும் தாய்மார்கள் வந்தார்கள். கதவு தட்டப்படும், ஒரு பிள்ளை எழுந்து ஓடும், கதவு சாத்தப்படும். கடைசியில் பெஞ்சில் யெய்சன் மட்டும் மிச்சம். நெற்றிப் புடைப்பைத் தடவிக்கொண்டே வாசலைப் பார்த்தான்.

"டீச்சர், எங்கம்மா எப்ப வருவாங்க?"

வில்மர் சிரிக்க வாயைத் திறந்தார். எடில்மாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

எடில்மா கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டு தூறலில் வெளியே போனார். கதவை இழுத்துச் சாத்தினார். பிறகு, வேலை முடிந்து மேடேறி வருகிற மற்றவர்களைப் போலவே, தட்டினார்.